பொட்டாஷ் ஏற்றும் ஜீப்பில் துருவை நிறுத்திய விதம்

கோத்தகிரியில் சாலைக்கு யாரும் உப்புத் தூவுவதில்லை. ஆனாலும் தேயிலைத் தோட்டத்துக்குப் பொட்டாஷ் உர மூட்டை ஏற்றும் என் ஜீப்பின் தளம் துருப்பிடித்தது. பொட்டாஷும் குளோரைடு உப்புதான். குளிர்நாடுகளில் உறைபனி உருகச் சாலையில் தூவும் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். மூடுபனி வேறு, ஈரத்தைக் காயவே விடாது.

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயில் அடித்த நாளில் முழுக்கக் காயவைத்தேன். பிறகு சிங்க் பிரைமர், அதன்மேல் எபாக்ஸி பெயின்ட். கதவுகளின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்தேன். சேறும் சில்வர் ஓக் இலைத் துணுக்குகளும் அடைத்திருந்தன. இதைப் பலர் கவனிப்பதே இல்லை, கதவு உள்ளிருந்து அரிபடுவது இதனால்தான். சேஸிஸின் உட்குழிகளில் மெழுகு ஸ்பிரே அடித்தேன். இப்போது மூட்டை இறக்கிய அன்றே தளத்தைக் கழுவிவிடுகிறேன். ஈரம் காயாமல் தார்ப்பாய் போட்டு மூடுவதில்லை.