டி.சி. வாங்கும் பழக்கத்தை வேலூரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

இந்த மே மாதம் விடுமுறைக்குச் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்திருந்தபோது, பத்து நாட்களுக்குள் மூன்று குடும்பத்தார் என்னைத் தேடி வந்தனர். ஒருவர் இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஒருவர் ஆம்பூர்க்காரர், மூன்றாமவர் காட்பாடி காந்தி நகரில் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தின் மருமகன். மூவரும் இவ்வாண்டு நியூஜெர்சிக்குக் குடிபெயர்கிறார்கள். மூவர் வீட்டிலும், அறிவிருந்தும் வகுப்பில் தேறாத ஒரு பிள்ளை இருக்கிறது. மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு மாணவனுக்கு ஒரு ஆசிரியர் என்று அங்கே பள்ளிகள் இருக்கின்றனவாமே, நேராக அதிலேயே சேர்த்துவிடலாமா?" சேர்க்கலாம், ஆனால் நான் சேர்த்த வழியில் சேர்க்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பள்ளிச் சேர்க்கையின் பொதுவான நடைமுறைகள் எளியவை. அவற்றுக்கு வழிகாட்டி தேவையில்லை. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனால் போதும். நன்கொடையும் இல்லை, கட்டணமும் இல்லை. எந்த விசாவில் வந்தீர்கள் என்பதைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்க முடியாது. 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. பள்ளி மாவட்டம் என்று அங்கே சொல்வதை நம் வேலூர் மாவட்டம் போல நினைத்துக் குழம்ப வேண்டாம். ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு அதுதான் பெயர். பின்னால் நீங்கள் கடிதம் எழுத வேண்டியது அந்த அமைப்புக்குத்தான் என்பதால் பெயரை நினைவில் வையுங்கள்.

தனிக் கற்பித்தல் என்பது நமக்குப் புதியதன்று. குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அக்கா, 2007-ஐ ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் செயல்வழிக் கற்றல் வந்தபோது அந்த முறையில் பாடம் நடத்தியவர். சித்தூர்ப் பக்கம் மதனப்பள்ளிக்கு அருகேயுள்ள ரிஷி வேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவியது அது. தரையில் பாய், கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, எண்ணிட்ட அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப் படம் சுவரில். ஒரு குழந்தை பத்தாவது அட்டையில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பது மூன்றாவதில் இருக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அக்கா இதை விவரிக்கும்போதெல்லாம், "அட்டை இருந்தது, ஆள் போதவில்லை" என்று முடிப்பார். நியூஜெர்சியில் நான் பார்த்த பள்ளியில் ஆள் இருந்தார். சிறிய அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒரு பாடவேளை முழுவதும் ஆசிரியருக்கு என் மகனைத் தவிர வேறு மாணவன் இல்லை. ஒரு பத்தி புரியவில்லையென்றால் அன்றைய பாடம் அந்தப் பத்தியோடு நின்றுவிடும். வீட்டுப்பாடத்தையும் அங்கேயே இன்னோர் ஆசிரியர் மேற்பார்வையில் முடித்துவிட்டு வருவான். அந்த முறையைப் பற்றி எனக்கு இன்றும் குறையில்லை. பகல் உணவுக்குக் கூட உட்கார ஒரு கூட்டாளி இல்லை என்பது அவனுடைய குறை. ஆண்டுக் கட்டணம் பல்லாயிரம் டாலர் என்பது என்னுடைய குறை.

என் மகனுக்கு அப்போது வயது பதினொன்று. வேலூரில் இரண்டு மெட்ரிக் பள்ளிகள் மாறியிருந்தான். தமிழை ஓரளவு தடையின்றிப் படிப்பான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மூன்று விதமாகப் படிப்பான். நம் எழுத்தில் எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கும், ஆங்கிலத்தில் அப்படியில்லை என்பதால் சில பிள்ளைகளின் வாசிப்புக் குறைபாடு ஆங்கிலத்தில்தான் வெளிப்படையாகத் தெரியும் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது நாங்கள் செய்ததெல்லாம் டியூஷன் வைத்ததும், அடுத்த டியூஷன் வைத்ததும்தான். ஒரு மருத்துவர் சி.எம்.சி.யில் காட்டச் சொன்னார். அதன் மனநல மருத்துவமனை இருப்பது பாகாயத்தில்; வேலூரில் பாகாயம் என்று சொன்னாலே உறவினர் எப்படிப் பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்குப் பயந்து நாங்கள் சி.எம்.சி. பக்கமே போகவில்லை. ஊரிலேயே இருந்ததைத் தவிர்த்துவிட்டுக் கடல் கடந்து போய் அதே சோதனைக்கு உட்கார வைத்தோம்.

அங்கே போனதும் பள்ளி அவனை ஆங்கிலம் புதிதாகக் கற்போர் வகுப்பில் சேர்த்தது. அவன் தடுமாறியதைச் சொன்னபோதெல்லாம், மொழி வரட்டும், காத்திருங்கள் என்றார்கள். நானும் நம் ஊர் மரியாதையோடு வாசலில் நின்று வாய்மொழியாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். நான்கு மாதங்கள் இப்படிப் போயின. அதற்குள் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி என்று அவன் அழத் தொடங்கிவிட்டான். வாயால் சொல்வதற்கு அங்கே கணக்கு இல்லை. உடற்குறையும் கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கான கல்விச் சட்டம் 1975-ல் வந்து, 1990-ல் இன்றைய பெயரைப் பெற்று, 2004-ல் திருத்தப்பட்டது. மூன்று வயது முதல் இருபத்தொரு வயது வரை தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வியை அது உறுதி செய்கிறது. ஆனால் பிள்ளையைச் சோதிக்கக் கோரி நீங்கள் எழுத்தில் கொடுக்கும் நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். நியூஜெர்சியில் அந்தக் கடிதம் கிடைத்த 20 நாட்களுக்குள் உங்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். நீங்கள் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் சோதனைகள் முடிந்து, தகுதி முடிவாகி, திட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். ஆங்கிலம் போதாமையை மட்டும் வைத்துப் பிள்ளைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆங்கிலம் வரும்வரை சோதனையே கூடாது என்று அதற்குப் பொருளில்லை. இயலுமானவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே சோதிக்க வேண்டும்; கூட்டத்தில் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும். மனைவிக்காக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நான் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று நினைத்து நான் கேட்கவில்லை. கூட்டத்தில் எட்டுப் பேர் பேசியதில் பாதியைத்தான் அவளுக்குச் சொல்ல முடிந்தது. மகனை அதிகம் அறிந்தவளோ அவள்தான்.

முடிவில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, அதிலும் வாசிப்பில் என்று எழுதினார்கள். ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் போடப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு பாடவேளை, ஐந்து பிள்ளைகளோடு தனி அறையில் வாசிப்புப் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் பழைய வகுப்பே. நான் கையெழுத்திட்டேன். சில மாதங்கள் பார்த்தும் முன்னேற்றம் இல்லை. திட்டத்தை மாற்றக் கேட்டபோது அதே பயிற்சியில் வாரத்துக்கு ஒரு வேளை கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளையின் நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தைத் தரத்தக்கதாகத் திட்டம் இருக்க வேண்டும், பெயருக்குச் சிறிது நன்மை இருந்தால் போதாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. அதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

இனிதான் நான் விழுந்த குழி. வேலூரில் ஒரு பள்ளி ஒத்துவரவில்லையென்றால் நாம் என்ன செய்வோம்? தலைமையாசிரியரைப் பகைத்துக்கொள்ளாமல், "வீடு மாறுகிறோம் சார்" என்று ஒரு காரணத்தைச் சொல்லி, டி.சி. வாங்கிக்கொண்டு, வாசலில் கும்பிட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போவோம். மகனுக்கு முன்பே ஒரு முறை அப்படி வாங்கியவன்தான் நான். அதே பண்போடு அங்கேயும் அலுவலகத்துக்குப் போய், விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "குடும்பத்தின் சொந்த விருப்பம்" என்று நல்ல கையெழுத்தில் எழுதி, நன்றி சொல்லி, ஒரு பெட்டி இனிப்பும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் தனியார் பள்ளிக்கு முதல் தவணை கட்டினேன். காட்பாடியில் மனை வாங்க வைத்திருந்த பணம் அது.

ஏழு மாதம் கழித்து, எடிசனில் ஓக் ட்ரீ சாலைக் கடையொன்றில் அறிமுகமான ஒரு தெலுங்குக் குடும்பத்தார், தங்கள் மகளின் தனியார் பள்ளிக் கட்டணத்தைப் பள்ளி மாவட்டமே ஏற்றுக்கொண்டதாகச் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வழக்கறிஞரிடம் ஓடினேன். என் கோப்பைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: பத்து நாள் கடிதம் எங்கே?

சட்டத்தின் நிலை இதுதான். அரசுப் பள்ளி தந்த திட்டம் பொருத்தமற்றது, நீங்கள் தேர்ந்த பள்ளி பொருத்தமானது என்று விசாரணையில் நிறுவினால், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர ஆணையிடலாம் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் தாமாக மாற்றுவது தம் சொந்தப் பணப் பொறுப்பில்தான் என்றும் அதிலேயே எச்சரித்தது. மாநில அங்கீகாரப் பட்டியலில் இல்லாத பள்ளி என்பதற்காக மட்டும் அதை மறுக்க முடியாது என்று 1993-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு மட்டுமே கற்பிக்கும் பள்ளிகளைத் தேடுவோர் இதை அறிந்திருப்பது அவசியம். ஆனால் பிள்ளையை வெளியே எடுப்பதற்கு 10 அலுவல் நாட்களுக்கு முன்பாவது பள்ளி மாவட்டத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால், விலக்குவதற்கு முன் நடந்த கடைசி ஐ.இ.பி. கூட்டத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: நீங்கள் தந்த ஏற்பாட்டை ஏற்க மறுக்கிறோம் என்பது, அதில் எங்களுக்குள்ள குறைகள் இன்னின்ன என்பது, பிள்ளையைத் தனியார் பள்ளியில் பொதுச் செலவில் சேர்க்கக் கருதியுள்ளோம் என்பது. பொதுச் செலவில் என்ற சொல்லை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். கடிதம் இல்லையென்றால் தொகையைக் குறைக்கவோ முற்றிலும் மறுக்கவோ செய்யலாம். கூட்டத்தில் வாயால் சொன்னால், அது குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. இந்த அறிவிப்பு விதியைப் பெற்றோருக்குத் தெரிவிக்கவேயில்லை என்றால் அதற்காகத் தொகையைக் குறைக்கக் கூடாது. எனக்கோ பெற்றோர் உரிமைகள் பற்றிய கையேட்டை முதல் கூட்டத்திலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அது வீட்டில் தடுப்பூசி அட்டைகளோடு உறையில் கிடந்தது. பெற்றோர் ஆங்கிலத்தில் எழுத இயலாதவரென்றால் விசாரணை அதிகாரி விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம். ஊரிசு கல்லூரியில் பட்டம் வாங்கி, பத்தாண்டு மென்பொருள் நிறுவனத்தில் ஆங்கிலத்திலேயே குப்பை கொட்டிய நான் அதை எந்த முகத்தோடு சொல்வது? "சொந்த விருப்பம்" என்று நான் எழுதிய படிவமோ அவர்கள் கோப்பில் முதல் தாளாக இருந்தது. வழக்கறிஞர் ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தார். ஒரு டாலரும் வரவில்லை. அவருக்குக் கட்டியதும் என் கணக்கிலேயே ஏறியது.

கடிதம் எழுதினால் பணம் வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் இன்னொரு விதி. ஒருவனை மட்டும் அறையில் வைத்துக் கற்பிப்பது அதற்கு மாறானது என்று பள்ளி மாவட்டம் கட்டாயம் வாதிடும். ஆகவே உள்ளிருந்தே கேட்கக்கூடியதை முதலில் கேட்டுவிடுங்கள். பயிற்சி பெற்ற வாசிப்பு ஆசிரியரிடம் தனியாக இத்தனை நிமிடம் என்று எண்ணாகவே திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் ஆர்ட்டன் கில்லிங்காம் முறை 1930-களிலிருந்து இருக்கிறது. என் மகனுக்குக் கடைசியில் பலித்ததும் அந்த வழிதான். அவர்கள் செய்த சோதனையை நீங்கள் ஏற்கவில்லையென்றால் பொதுச் செலவில் வெளியாரிடம் மறுசோதனை கோரும் உரிமையும் உண்டு. நீங்களாகத் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால், முன்பு திட்டத்தில் இருந்த சேவைகளைத் தனிப்பட்ட உரிமையாகக் கேட்க முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தனியார் பள்ளியின் ஒப்பந்தத்தில், நடுவில் நிறுத்தினால் ஆண்டுக் கட்டணம் முழுவதும் கட்ட வேண்டுமா என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு, அங்கே பெறும் மதிப்பெண்களை மற்ற உயர்நிலைப் பள்ளிகள் ஏற்குமாறு அதற்குத் தரச்சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும்போது பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் குறைத்துக்கொண்டு, பிள்ளையின் பழைய நோட்டுகளில் நான்கைந்தை எடுத்து வாருங்கள். சிவப்பு மையால் அடித்துத் திருத்திய தமிழ் நோட்டும் ஆங்கில நோட்டும் இரண்டுமே வேண்டும்; சிக்கல் அமெரிக்காவில் தொடங்கியதன்று, மொழி புதிது என்பதால் வந்ததுமன்று என்று காட்ட அவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. வேலூரிலேயே சோதித்து அறிக்கை வாங்க முடிந்தால் வாங்குங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாகாயம் என்றால் சிரிக்கும் உறவினர் யாரும் உங்கள் மனையை மீட்டுத் தரப் போவதில்லை.

ஆம்பூர்க்காரர் விடைபெறும்போது, "அப்படி எதிர்த்து எழுதிக் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா அண்ணா?" என்று கேட்டார். நானும் அந்தப் பயத்தில்தான் இனிப்புப் பெட்டியோடு போனேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், மகனின் கோப்பைக் கவனித்து வந்த பள்ளி அதிகாரியைக் கடைத்தெருவில் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அந்த அம்மாள் கேட்டார்: "நீங்கள் ஏன் கடைசிவரை எங்களுக்கு ஒரு கடிதம் எழுதவேயில்லை?"