பசுமைக்குடிலுக்கு ஹீட்டர் வாங்குமுன்

கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ மொட்டைமாடியில் எட்டுக்கு ஆறடியில் ஒரு பசுமைக்குடில் போட்டிருக்கிறீர்கள் என்றால், நேராகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஹீட்டர் வேண்டாம். மார்கழி, தை இரவுகளில் சமவெளியில் பெரும்பாலான நாள் 17, 18 டிகிரிக்குக் கீழே இறங்காது. அந்தக் குளிரில் மிளகாய் விதை முளைக்கச் சுணங்கும், கத்தரி நாற்று மந்தமாக நிற்கும், அவ்வளவுதான், எதுவும் செத்துப் போகாது. ஏற்காடு, வால்பாறை, தாளவாடி, கொல்லிமலைப் பக்கம் இருக்கிறவர்கள் பாடு வேறு. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, அதனால் சேலத்தில் மின்விசிறி ஓடுகிற ராத்திரியிலும் ஏற்காட்டில் கம்பளி தேடுவார்கள். இதை அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், சமவெளிக்காரர்கள் வேர்ச்சூடு பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு மேக்ஸிமம்-மினிமம் தெர்மாமீட்டர் (அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை இரண்டையும் காட்டி நிற்பது) வாங்கி, செடி உயரத்தில், வெயில் நேரடியாகப் படாமல் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் குறித்து வைத்தால், எவ்வளவு சூடு தேவை, தேவையா இல்லையா என்பதே தெரிந்துவிடும். கொத்தமல்லி, கீரை, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், லெட்டூஸ் இதற்கெல்லாம் சூடு காட்டுவது வீண் செலவு, அவை குளிரைக் கொண்டாடுகிற பயிர்கள். தக்காளி, மிளகாய், குடைமிளகாய் நாற்றுக்கு இரவில் 15 டிகிரி இருந்தால் நிம்மதி. ஆந்தூரியம் பூச்செடி வைத்திருப்பவர்களும் அதற்குக் கீழே விடாதீர்கள்.

இப்போது கணக்கு. எட்டுக்கு ஆறடி, ஏழடி உயரக் குடிலுக்குச் சுவரும் கூரையும் சேர்ந்து ஏறக்குறைய 22 சதுர மீட்டர் ஷீட் வரும். ஒற்றை பாலித்தீன் ஷீட் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 6 வாட் வெளியே போகும். வெளியை விட ஆறு டிகிரி கூடுதலாக வைக்க நினைத்தால் 800 வாட் ஹீட்டர் விடாமல் ஓட வேண்டும், பத்து மணி நேரத்துக்கு 8 யூனிட், மாதத்துக்கு 240 யூனிட். இத்தனையும் வீட்டு மின்கட்டணத்தின் மேல் ஏறும் என்று நினைத்துப் பார்த்தால், பத்து தக்காளிச் செடிக்கு இந்தச் செலவு நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதனால் சூடு உண்டாக்குவதற்கு முன்னால் சூடு ஓடுவதை நிறுத்த வேண்டும். பாலித்தீனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, செடியும் மண்ணும் இரவில் வீசுகிற அனலை அது பெருமளவு அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். காற்றே இல்லாத, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரியில், மூடி வைத்த குடிலுக்குள் வெளியை விடக் கொஞ்சம் குறைந்துகூடப் போகும். மேகம் மூடிய இரவில் பயமில்லை. இதற்கு மருந்து இரண்டாவது ஷீட்: உள்பக்கம் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு ஷீட்டோ, பார்சலில் வருகிற குமிழ் ஷீட்டோ அடித்தால் வெளியேறும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கதவோரம், ஷீட் தரையைத் தொடுகிற இடம் எல்லாவற்றிலும் மண் அணைத்து விடுங்கள். மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து வரும், கதவை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். சோளத்தட்டு கிடைத்தால் வடக்குப் புறத்தில் வெளியே இரண்டடிக்கு அடுக்கலாம்.

அப்புறம் குடிலுக்குள்ளேயே ஒரு சின்னக் குடில். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட மேலாகச் சொல்வேன். கனமான ஜி.ஐ. கம்பியை வில்லாக வளைத்து (பழைய டிரிப் லேட்டரலை, அதாவது சொட்டுநீர்க் குழாயை, அதன் மேல் உறையாக மாட்டினால் துணி கிழியாது) நாற்றுப் பாத்தி மேல் வரிசையாகக் குத்தி, பொழுது சாய்ந்ததும் துணி போர்த்துங்கள். நம் ஊரில் துணிக்கா பஞ்சம்? சென்னிமலை பெட்ஷீட், மூலையில் கிடக்கிற பவானி ஜமக்காளம், திருப்பூர் பனியன் வேஸ்ட்டை வைத்துத் தைத்த மெத்தைவிரிப்பு, எதுவும் ஆகும். கூரைக்கு வெளியே போர்த்தினால் பனியில் நனைந்து கனத்துவிடும், உள்ளேதான் போட வேண்டும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் நாற்று வெளிறி நெடுநெடுவென்று போய்விடும்.

பகல் சூட்டைச் சேமிக்கத் தண்ணீரை விட மலிவான சாமான் கிடையாது. 200 லிட்டர் பேரல் ஒன்று 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாக 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை விட்டுக்கொடுக்கும், காசில்லாமல். வடக்குச் சுவரோரம் இரண்டு பேரல், கறுப்பு பெயின்ட் அடித்து, தெற்கு வெயில் விழுகிற மாதிரி. இடமில்லாவிட்டால் பத்து, இருபது லிட்டர் கேன்கள், அவை சீக்கிரம் சூடேறும். இரும்புக்கடையில் பேரல் வாங்கும்போது சாயப்பட்டறையிலிருந்து வந்ததை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சமையல் எண்ணெய் வந்த பேரலாகக் கேளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லையென்றால் கொசுப் பண்ணைதான்.

பேரல் சூடேற வேண்டுமென்றால் குடிலை மூடும் நேரம் முக்கியம். நம் பக்கம் குளிர்காலத்திலும் உச்சி வெயில் சும்மா இருக்காது, மூடிய குடில் மத்தியானம் 40 டிகிரியைத் தாண்டிவிடும், அதனால் காலை ஒன்பது மணி வாக்கில் திறந்தே ஆக வேண்டும். ஆனால் இருட்டிய பிறகு மூடி என்ன பயன்? மூன்றரை, நாலு மணிக்கே, வெயில் உள்ளே இருக்கும்போதே அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுவது காலை பத்து மணிக்கு மேல் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் ஷீட்டில் நீர் கோத்துச் சொட்டி, நாற்றழுகல் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மேலும் வேண்டுமென்றால் காற்றைச் சுட வைக்காதீர்கள், வேரைச் சுட வையுங்கள். பாத்தி 25 டிகிரி இருந்தால் மேலே காற்று 14, 15 இருந்தாலும் விதை முளைத்துவிடும். தெர்மகோல் பலகை, அதன் மேல் மணல், மணலுக்குள் மண் சூடேற்றும் கேபிள், அதன் மேல் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டு. ஒரு தட்டு என்றால் கேபிள்கூட வேண்டாம், நாற்றுக்கான ஹீட் மேட் சுமார் 20 வாட்தான் இழுக்கும். சூட்டைப் பார்த்துத் தானே மின்சாரத்தை நிறுத்திப் போடுகிற தெர்மோஸ்டாட் கட்டாயம், அதன் சென்சார் காற்றில் தொங்காமல் தட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைச் சாமான் விற்கிற கடைகளில் தெர்மோஸ்டாட்டும் குஞ்சுக்கு வைக்கிற புரூடர் பல்பும் கிடைக்கும். குண்டு பல்பு என்றால்தான் சூடு, எல்.இ.டி. எதற்கும் உதவாது. சொட்டுத் தண்ணீர் பட்டால் சூடான பல்பு வெடிக்கும், மேலே ஒரு தகர மூடி வையுங்கள்.

மின்சாரமே இல்லாமல் செய்ய ஆசையா? கட்டுத்தரையிலிருந்து புதுச் சாணியும் மாட்டு மூத்திரத்தில் ஊறிய சோளத்தட்டும் அள்ளி வந்து இரண்டடி ஆழத்துக்கு நிரப்பி மிதித்துவிடுங்கள். சில நாளில் உள்ளே 50, 60 டிகிரிக்கு ஏறும், அப்போது கிட்டவே போகாதீர்கள். 30 வாக்கில் இறங்கியதும் மேலே அரையடி மண் பரப்பி நாற்றுத்தட்டை வைத்தால் சில வாரம் தாங்கும். கோழி எரு இதைவிடச் சூடாகும்தான், ஆனால் அடைத்த குடிலுக்குள் அதன் அமோனியா இலையைக் கருக்கிவிடும்.

கரியடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அடைத்த அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கி, அதன் விஷவாயுவில் இறந்தவர்கள் செய்தி மலையூர்களிலிருந்து அவ்வப்போது வருகிறது. நீங்கள் உள்ளே தூங்கப் போவதில்லை, சரி, ஆனால் விடியற்காலை கதவைத் திறந்து உள்ளே நுழைவது நீங்கள்தானே. சரியாக எரியாத புகையில் எத்திலீன் என்கிற வாயுவும் இருக்கும், தக்காளிப் பூ உதிர்ந்துவிடும்.

ஃபேன் ஹீட்டர் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு: 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் பிளக்தான், டி.வி.க்கு வைக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிவிடும். ஈரமான இடம், ஆகவே எர்த் சரியாக இருக்கட்டும், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது) போடச் சொல்லுங்கள், அது தேவையில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

மாசி பிறந்ததும் உள் ஷீட்டைக் கழற்றிவிடலாம், பங்குனியில் அதே குடிலுக்கு நிழல்வலை கேட்கும். வெளியே அடுக்கிய சோளத்தட்டை அள்ளும்போது கையை விடாமல் கம்பால் தட்டிவிட்டு எடுங்கள், எலி வந்திருக்கும், எலி இருந்தால் பாம்பும் வந்திருக்கும்.