ரப்பர் பாலில் ஒரு காவல்கார நொதி: ஹெவமைன் வரிசையைப் படித்த கதை

மலேசியாவின் கெடாவில், பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரியம்மா இன்னும் பால்மரம் வெட்டுகிறார். அந்தப் பாலில் ரப்பரோடு ஹெவமைன் என்ற நொதியும் இருக்கிறது. பட்டையில் விழுந்த காயத்தில் பூஞ்சை ஏறினால், அதன் கைட்டின் சுவரை வெட்டுவது இதன் வேலை.

இந்த நொதியில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோத்திருக்கின்றன என்று படிக்க, முதலில் பால் வேண்டும். வெட்டு முடிந்ததும் மங்கிலிருந்து (மரத்தில் பால் வடியும் கிண்ணம்) நேராகக் குப்பியில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். 4 டிகிரியில், அதிவேக சென்ட்ரிஃபியூஜில் ஒரு மணி நேரம் சுற்றினால் மேலே ரப்பர், நடுவே தெளிநீர், அடியில் மஞ்சள் படிவு. அந்தப் படிவுதான் லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகள், நொதி அவற்றுக்குள். இரண்டு மூன்று தடவை உறையவைத்து உருக்கினால் உடைந்துவிடும். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, 29 கிலோடால்டன் (புரத எடை அலகு) பட்டையை வெட்டி எடுங்கள்.

கையுறை நைட்ரைல் மட்டும். ரப்பர் கையுறையோடு ரப்பர் மரத்துப் புரதத்தைத் தேடினால், கிடைத்தது மரத்துடையதா கையுறையுடையதா என்று யார் சொல்வது?

அடுத்து புரதத்தைத் துண்டாக்க வேண்டும்: மடிப்பை அவிழ்க்க டிடிடி (டைதியோதிரெய்டால்), அது திரும்ப ஒட்டாமலிருக்க இருட்டில் அயோடோஅசிட்டமைடு, பிறகு வெட்டும் நொதியான டிரிப்சின், இரவெல்லாம் 37 டிகிரியில். கிட்டோடு வரும் தாளில் எல்லாம் இருக்கிறது.

நான் குப்புற விழுந்தது, துண்டுகளை உடைத்து எடைபோடும் மாஸ் ஸ்பெக் கருவியின் முடிவில். முதல் துண்டை மென்பொருள் 'அஸ்பராஜின், லூசின், அலனின், லூசின், டைரோசின்' என்று படித்தது. 1991இல் வெளியான 273 அமினோ அமில வரிசையோ 'கிளைசின், கிளைசின், ஐசோலூசின், அலனின், ஐசோலூசின், டைரோசின்' என்று தொடங்குகிறது. எங்கள் மரத்தில் புது வகை என்று பெரியம்மாவிடம் பீற்றிக்கொண்டுவிட்டேன்! பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு கிளைசின் 57.02, இரண்டு சேர்ந்தால் 114.04. அஸ்பராஜினும் அதே 114.04. லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் ஒரே எடை, 113.08. முதல் இரண்டு கிளைசினுக்கு நடுவே துண்டு உடைந்த தடயம் பெரும்பாலும் தெரியாது. தராசுக்கு எடைதான் தெரியும், ஆள் தெரியாது.

அதனால் புரதத்தின் தொடக்க முனையைப் படிக்க என் ஓட்டு, பழைய வேதியியல் வழியான எட்மன் முறைக்கே. ஜெல் பட்டையிலுள்ள புரதத்தைப் பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் சவ்வுக்கு மாற்றிக் கொடுத்தால், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெயர் சொல்லும். ஆறு சுற்று போதும். மெதுவானது, செலவும் கூட. மற்ற துண்டுகளுக்கு மாஸ் ஸ்பெக்கும், யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பி23472 பதிவும் போதும்.

பிற்சேர்க்கை: அடியில் படிவே வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், தோட்டத்துப் பாலைச் சேகரிக்கும் பால் ஸ்டோரில் வாங்கிய ரப்பர் பாலாம். கட்டியாகாமல் இருக்க அங்கே அமோனியா ஊற்றியிருப்பார்கள். அதில் லூட்டாய்டு உடைந்துவிடும். மங்கிலிருந்தே எடுங்கள், மழை பெய்த நாள் வேண்டாம்.