அட்டில்: முதல் எழுத்தை மாற்றிப் பாருங்கள்

அட்டில் என்றால் சமையலறை. பழைய இலக்கியங்களில் வரும் சொல், இன்று பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. 'அடு' என்றால் சமைத்தல். அடுப்பு, அடிசில் (சமைத்த உணவு), அட்டில் எல்லாம் அந்த ஒரே வேரில் பிறந்தவை. இவ்வளவு அழகான சொல்லை விட்டுவிட மனம் வரவில்லை.

பிள்ளைகள் மனதில் இது நிற்க, முதல் எழுத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். 'வ' போட்டால் வட்டில், அதாவது உண்கலம். 'க' போட்டால் கட்டில். 'தொ' போட்டால் தொட்டில். அப்புறம் ஒரே வரியில் கோக்கச் சொல்லுங்கள்: "அட்டிலில் வெந்தது வட்டிலில் வந்தது, தொட்டிலில் பாப்பா, கட்டிலில் தாத்தா."

யாராவது 'தட்டில்', 'வீட்டில்' என்றால் இன்னும் நல்லது. அவை தட்டு, வீடு என்ற சொற்களோடு 'இல்' உருபு சேர்ந்தவை. அட்டில் தனிப் பெயர்ச்சொல். வேற்றுமையை அங்கேயே விளக்கிவிடலாம்.