கர்ப்பப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்: எங்கே தவறாகப் படிக்கிறோம்?

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. கர்ப்பப்பைப் புற்றுநோய் வேறு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. கர்ப்பப்பை வாயில் வருவது பெரும்பாலும் எச்பிவி வைரஸால். அந்த வைரஸின் இ6 புரதம், கட்டியை அடக்கும் பி53 புரதத்தைச் சிதைத்துவிடும். அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் ஜீன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கர்ப்பப்பையின் உள்சவ்வில் வருவதற்கு அந்த வைரஸ் காரணமல்ல. அங்கே பி53 கெட்டிருந்தால், பொதுவாக ஜீனே பழுதாகியிருக்கும். எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் இது வரலாம்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் பி53 பரிசோதனை, அதாவது கட்டித் திசுவில் அந்தப் புரதத்துக்கு நிறமேற்றிப் பார்ப்பது. "நெகட்டிவ்தானே, நல்லதுதானே?" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. ஜீன் நன்றாக இருந்தால், மைக்ராஸ்கோப்பில் செல்களின் கருக்கள் சில அழுத்தமாகவும், சில மங்கலாகவும், சில நிறமே இல்லாமலும் கலந்து தெரியும். ஏறக்குறைய எல்லாமே அழுத்தமாக நிறம் பிடித்திருந்தால், பழுதான புரதம் சிதையாமல் தேங்கிக்கிடக்கிறது. பக்கத்து நல்ல செல்களில் நிறம் ஏறி, கட்டியில் மட்டும் துளிகூட இல்லையென்றால், ஜீன் புரதத்தையே தயாரிக்கவில்லை. இரண்டுமே கோளாறுதான். பாசிட்டிவா நெகட்டிவா என்று தேடாமல், 'வைல்ட் டைப்' (இயல்பானது) என்றிருக்கிறதா, 'அப்நார்மல்' என்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டியை அடக்கும் இன்னொரு ஜீனான பிடென்னின் பழுது, உள்சவ்வுப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் எண்டோமெட்ரியாய்டு வகைக் கட்டிகளில் பாதிக்கு மேல் காணப்படுகிறது. ஆனால் பார்வைக்கு இயல்பான உள்சவ்விலும் அது இருக்கலாம். அது ஒன்றை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது.

"மியூட்டேஷன்" (ஜீன் மாற்றம்) என்றதும் மகளுக்கும் வந்துவிடுமோ என்று பதறுவது அடுத்தது. கட்டியில் உள்ள பழுதுகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டிக்குள்ளேயே பிறந்தவை. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1 புரதம் காணவில்லை என்றாலும், உடனே லிஞ்ச் நோய்க்குறி (பரம்பரையாகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் நிலை) என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் மெத்திலேஷனால், அதாவது ஜீன்மேல் ஒட்டும் ரசாயனக் குறியால், அந்த ஜீன் பூட்டப்பட்டிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதே வேலை செய்யும் எம்எஸ்எச்2 அல்லது எம்எஸ்எச்6 புரதம் இல்லையென்றால் பரம்பரைச் சந்தேகம் வலுக்கிறது. பரம்பரைதானா என்று உறுதிசெய்வது பெரும்பாலும் ரத்தத்தில் செய்யும் ஜீன் டெஸ்ட்.

ஒற்றை ஜீனை வைத்துப் பயப்படுவதும் சரியல்ல. 2013-ல் வெளியான டிசிஜிஏ (புற்றுநோய்களின் ஜீன்களை ஆராய்ந்த அமெரிக்கத் திட்டம்) ஆய்வு இந்தப் புற்றுநோயை நான்கு குழுக்களாகப் பிரித்தது. அதில் 'போல்' (POLE) என்ற ஜீனின் குறிப்பிட்ட மாற்றங்கள் உள்ளவர்களுக்கு, பி53 சேர்ந்து கெட்டிருந்தாலும், பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது. பல ரிப்போர்ட்டுகளில் இந்த 'போல்' டெஸ்ட்டே இருக்காது. கேட்டுப் பாருங்கள்: எடுத்த திசுவை மெழுகு பிளாக்காக லேபில் வைத்திருப்பார்கள், விட்டுப்போன டெஸ்ட்டை அதிலேயே செய்யலாம்.