ஓடுபவர்களுக்கு முட்டி வலி: இடத்தை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுப் பாருங்கள். முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ, படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலித்தால், பெரும்பாலும் சில்லு மூட்டில் சுமை கூடியிருக்கிறது. சில்லுக்குச் சற்றுக் கீழே, குதிக்கும்போது குத்தினால் காரணம் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் தசைநார். வெளிப்பக்கம், சில கிலோமீட்டர் ஓடியபின் எரிந்தால் இலியோடிபியல் பட்டை, அதாவது இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முட்டிக்குக் கீழ்வரை ஓடும் திசுப்பட்டை.

கண்ணாடி முன் 15 செ.மீ. படியில் ஒற்றைக் காலில் நின்று மெல்ல இறங்குங்கள். முட்டி உள்ளே சாய்ந்தால் இடுப்புத் தசைக்கும் பயிற்சி கொடுங்கள். முழு ஓய்வு பெரும்பாலும் வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். வலிக்கு நீங்களே பத்துக்கு மதிப்பெண் போட்டால் அது மூன்றைத் தாண்டாமலும், வலி மறுநாள் காலை கூடாமலும் இருந்தால் தொடரலாம்.

அடிபட்ட சில மணி நேரத்தில் வீங்கினாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் முட்டி பூட்டிக்கொண்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.