கோயில் சுவரையே பாடப் புத்தகமாக்கலாம்

வேலை, குடும்பம் என்று ஓடிய பிறகு புதிதாக எதையாவது கற்க ஆசையா? கல்வெட்டு வாசிக்கப் பழகுங்கள். செலவு கிடையாது. தமிழ் எழுத்து தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

எழுத்துப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், இரண்டே நாளில் அலுத்துவிடும். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசனின் புகழைச் சொல்லும் வரிகள்), 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்குவது, அதில் நாலு வரியை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய், சுவரில் அதே வரிகளைத் தேடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே தெரிவதால், எந்த வடிவம் எந்த எழுத்து என்பது தானாகப் பிடிபடும். கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' கிரந்த எழுத்து, அதாவது வடமொழியை எழுதப் பயன்பட்ட எழுத்து. இப்போதைக்கு அதைத் தாண்டிவிடலாம்.

கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆக 'காலம்' என்பது 'கரலம' என்று கண்ணில் படும். முன்பின் சொற்களை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சுவாரசியமே அங்கேதான், குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர்கள் விடவே மாட்டார்கள்!

வெயில் சாய்வாக விழும் காலையோ மாலையோ போங்கள், வெட்டு நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெரியவில்லை என்று மாவு, சுண்ணக்கட்டி, எண்ணெய் எதையும் கல்லில் தடவாதீர்கள். படம் எடுப்பதென்றால் முதலில் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.